காரின் வலிமை அரை சென்டிமீட்டரில்

கார் விளம்பரங்களில் இப்போது இரும்பைப் பற்றியும் பேசுகிறார்கள். மைலேஜ், தொடுதிரை, சன்ரூஃப் என்று சொல்லி விற்றுவந்த நிறுவனங்கள், பாடியில் இத்தனை சதவீதம் உயர்வலிமை எஃகு, கதவுகளுக்கு நடுவிலுள்ள தூணில் 1,500 மெகாபாஸ்கல் தகடு என்று சொல்லி விற்கின்றன. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் விற்பனையான ஐந்து சிறிய கார்களை மோதவிட்டுப் பார்த்தபோது, பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஒன்றுகூட ஒரு நட்சத்திரம் வாங்கவில்லை. அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். ஆனால், விளம்பரம் சொல்லும் எண் தகட்டுக்கு உரிய எண். ஓடுகிற கார் என்பது மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் இடங்கள் வரை ஸ்பாட் வெல்டிங்கால் ஒன்றோடொன்று பிணைத்த தகடுகளின் கூடு. ஒவ்வொரு பிணைப்பும் ஐந்தாறு மில்லிமீட்டர் அகலம். மோதலின்போது தகடு தன் வலிமையைக் காட்ட வேண்டுமானால், அதுவரை இந்தப் புள்ளிகள் விட்டுப்போகாமல் பிடித்திருக்க வேண்டும். தகட்டின் வலிமை ஏற ஏற, புள்ளியின் வலிமையும் கூடவே ஏறும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி ஏறுவதில்லை, ஒரு கட்டத்துக்கு மேல், ஒருவகை விசையின் முன் அது இறங்கவும் செய்கிறது. இதைச் சரிசெய்யும் வழிகள் பொறியாளர்களுக்குத் தெரியும். அதற்கான விலையைப் பெரும்பாலும் வினாடிகளில்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வினாடிகளைக் கேட்டு வாங்க, கார் வாங்குபவருக்கும் வழியில்லை, அவர் சார்பில் விதி எழுதும் அரசும் இன்னும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதே என் வாதம்.

முதலில் அந்தப் புள்ளி எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடலாம். 1880களில் அமெரிக்காவின் எலிஹு தாம்சன் வளர்த்தெடுத்த மின்தடை வெல்டிங்கின் நேர் வாரிசு இது. இரண்டு தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேலும் கீழும் செப்பு மின்முனைகளால் முந்நூறு, நானூறு கிலோ எடைக்குச் சமமான விசையில் அழுத்துகிறார்கள். பிறகு ஏழாயிரம் முதல் பன்னிரண்டாயிரம் ஆம்பியர் வரை மின்சாரம், சில வோல்ட் அழுத்தத்தில், கால் வினாடி போலப் பாய்கிறது. தகடுகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் மின்தடை அதிகம் என்பதால் அங்கேதான் வெப்பம் குவிந்து, உலோகம் ஒரு சின்ன வில்லை வடிவில் உருகுகிறது. மின்சாரம் நின்றதும், உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் செப்பு முனைகள் அந்த வெப்பத்தை உறிஞ்சிவிட, வில்லை உறைந்து இரு தகடுகளுக்கும் பொதுச் சொத்தாகிறது. கம்பி வேண்டாம், வாயு வேண்டாம், தேர்ந்த கை வேண்டாம். ரோபோ ஒன்று நிமிடத்துக்குப் பல புள்ளிகள் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் நாள்தோறும் வெளிவரும் கார்கள் இப்படிப் பிணைக்கப்பட்டவைதாம். நூறாண்டுகளாக வேறெந்த முறையும் இதை இடம்பெயர்க்காததற்குக் காரணம், மென்னெஃகுக்கு இது அநேகமாகக் குறையே சொல்ல முடியாத ஏற்பாடு என்பதுதான்.

மென்னெஃகில் கார்பன் மிகக் குறைவு. எவ்வளவு வேகமாகக் குளிர்ந்தாலும் அது பெரிதாக இறுகிவிடாது. உயர்வலிமை எஃகுகளின் கதை வேறு. டூயல் ஃபேஸ், ட்ரிப், சூடாக அச்சில் அழுத்திக் குளிர்விக்கும் போரான் எஃகு என்று பல குடும்பங்கள், எல்லாவற்றிலும் 0.1 முதல் 0.2 சதவீதத்துக்கும் சற்று மேல் வரை கார்பன், கணிசமான மாங்கனீசு, சிலவற்றில் சிலிக்கான். எஃகு ஆலை இந்தக் கலவையை அளந்து சூடாக்கி, அளந்து குளிர்வித்து, மென்மையான படிகங்களையும் இறுக்கமான படிகங்களையும் வேண்டிய விகிதத்தில் வளர்த்தெடுக்கிறது. தகட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பது இந்த நிதானத்துக்காகத்தான். வெல்டிங் துப்பாக்கி அதைக் கால் வினாடியில் அழித்துவிடுகிறது. உருகிய வில்லை வினாடிக்கு ஆயிரக்கணக்கான டிகிரி வேகத்தில் குளிர்வதால், அதற்குள் மிஞ்சுவது ஏறத்தாழ முழுக்க மார்டென்சைட் என்னும் மிக இறுகிய, எளிதில் பிளக்கும் அமைப்புதான். 0.22 சதவீத கார்பன் உள்ள போரான் எஃகில் வில்லையின் கடினத்தன்மை விக்கர்ஸ் அளவில் 500ஐ நெருங்குகிறது. இது போதாதென்று, உலோகம் உறையும்போது பாஸ்பரஸ், கந்தகம் போன்ற வேண்டாத தனிமங்கள் கடைசியாக உறையும் இடுக்குகளில் ஒதுங்கி, படிக எல்லைகளைப் பலவீனப்படுத்துகின்றன. பொதுவழக்கில் கடினமும் உறுதியும் ஒன்றாகப் புழங்கினாலும், உலோகத்தில் அவை பெரும்பாலும் எதிரெதிராகவே இழுக்கின்றன.

புள்ளியின் வலிமையை அளக்க இரண்டு சோதனைகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்றில், வெல்டு செய்த இரு பட்டைகளையும் தகட்டின் தளத்திலேயே எதிரெதிர்த் திசையில் இழுக்கிறார்கள். புள்ளி வெட்டு விசையைத் தாங்க வேண்டும். மற்றொன்றில், பட்டைகளைச் சிலுவைபோல் குறுக்காக வைத்து வெல்டு செய்து, மேலும் கீழுமாகப் பிரிக்கிறார்கள். புள்ளி பெயர்க்கும் விசையைத் தாங்க வேண்டும். தகட்டின் வலிமை கூடினால் முதல் சோதனையின் எண் பொதுவாகக் கூடிக்கொண்டே போகும். இரண்டாவது சோதனையின் எண், தகடு ஏறத்தாழ 600 முதல் 800 மெகாபாஸ்கல் வலிமையை எட்டும்வரை ஏறி, அதன்பின் சரியத் தொடங்குகிறது. ஆயிரத்தைத் தாண்டிய தகட்டில் வைத்த புள்ளி, அதைவிட வலிமை குறைந்த தகட்டில் வைத்த புள்ளியைவிட எளிதாகப் பெயர்ந்துவிடும் நிலைகூட வருகிறது. காரணம் வில்லையின் விளிம்பில் இருக்கிறது. இரு தகடுகளும் சேராமல் விட்ட மெல்லிய இடைவெளி, வில்லையின் ஓரத்தில் வந்து ஒரு கூரிய விரிசல்போல முடிகிறது. தகடு மென்மையானதாக இருந்தால் சுற்றியுள்ள உலோகம் நெளிந்து, அந்தக் கூர்முனை மழுங்கி, கடைசியில் புள்ளி அப்படியே பட்டன்போல ஒரு தகட்டைப் பிய்த்துக்கொண்டு வரும். தகடு விறைப்பானதாக இருந்தால் நெளிய மறுக்கிறது. விசை முழுவதும் அந்தக் கூர்முனையில் குவிகிறது. வில்லையோ இறுகிய, பிளக்கக் காத்திருக்கும் உலோகம். விரிசல் வில்லையின் நடுவே ஓடிவிடுகிறது. எவ்வளவு உறுதியான துணி எடுத்துத் தைத்தாலும் நூல் இற்றுப்போனால் சட்டை தையலில்தான் பிரியும் என்பது இங்கும் உண்மை. ஒரு வேறுபாடு, இங்கே துணியை உறுதியாக்கிய அதே கார்பன்தான் நூலை இற்றுப்போகச் செய்கிறது.

வில்லையைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் தனித் தொல்லைகள் உண்டு. 1,500 மெகாபாஸ்கல் தகட்டின் வலிமையே மார்டென்சைட்டால் வருவது. வெல்டின் வெப்பம் உருக்காமல் சுடவைத்து விடும் ஒரு வளையத்தில் அந்த மார்டென்சைட் தளர்ந்து, சுற்றிலும் உள்ள தகட்டைவிட வெகுவாக மென்மையாகிறது. மோதலில் நெளிவு முழுவதும் அந்த ஒல்லி வளையத்தில் குவிந்தால் தகடு புள்ளி வரிசையை ஒட்டியே கிழியலாம். இன்னொன்று துத்தநாகப் பூச்சு. துருப்பிடிக்காமலிருக்கப் பூசும் துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும். மின்முனை அழுத்தும்போது எழும் இழுவிசையில், உருகிய துத்தநாகம் எஃகின் படிக எல்லைகளுக்குள் புகுந்து மேற்பரப்பில் விரிசல் உண்டாக்குகிறது. சிலிக்கான் கூடிய புதிய தலைமுறை எஃகுகளில் இது மிகுதி. மின்முனை சாய்ந்து உட்கார்வது, தகடுகளுக்கிடையே இடைவெளி இருப்பது, உருகிய உலோகம் தீப்பொறியாகத் தெறிக்கும் அளவுக்கு மின்சாரம் கொடுப்பது எல்லாம் இதை மோசமாக்கும். தொழிற்சாலைகளைப் படம்பிடிக்கும் விளம்பரங்களில் தீப்பொறி பறப்பதைப் பெருமையாகக் காட்டுவார்கள். வெல்டிங் பொறியாளர் ஒருவர் அதைப் பார்த்து முகம் சுளிக்கவே செய்வார். தெறித்துப்போனது வில்லைக்குள் இருந்திருக்க வேண்டிய உலோகம்.

இத்தனையும் தெரிந்திருந்தும், பட்டறையில் புள்ளியின் தரத்தை முடிவுசெய்யும் பழைய விதி இன்னும் ஆட்சியில் இருக்கிறது: தகட்டின் தடிமனை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை நான்கால் பெருக்கினால் வரும் அகலம் வில்லைக்கு இருக்க வேண்டும். 1.2 மில்லிமீட்டர் தகட்டுக்கு ஏறத்தாழ 4.4 மில்லிமீட்டர். உளியால் பெயர்த்துப் பார்த்து பட்டன் வருகிறதா என்று பார்ப்பார்கள்; வந்தால் பாஸ். மென்னெஃகுக்குப் பொருத்தமாக வளர்ந்த விதி இது. உயர்வலிமைத் தகட்டில் அதே அகலம் இருந்தும் புள்ளி நடுவே பிளந்துவிடலாம் என்பதால், பல நிறுவனங்கள் நான்குக்குப் பதில் ஐந்தால் பெருக்கிக் கேட்கின்றன. இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. வில்லை நடுவே பிளந்தாலே அது கெட்ட வெல்டு என்று முடிவுகட்டக் கூடாது, பிளப்பதற்குமுன் எவ்வளவு சுமை தாங்கியது என்பதுதான் கேள்வி என்று எஃகுத் துறையினர் சொல்கிறார்கள். உயர்வலிமைத் தகட்டில் நடுவே பிளந்த புள்ளி, மென்னெஃகில் பட்டனாகப் பெயர்ந்த புள்ளியைவிடப் பல மடங்கு வெட்டுவிசை தாங்கியிருக்கும். இது உண்மை. ஆனால் இந்த வாதம் முதல் சோதனையின் எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறது. பக்கவாட்டு மோதலில் கதவுத்தூண் உள்ளே வளையும்போது அதன் மடிப்பு விளிம்புகள் திறக்கப் பார்க்கின்றன. வெட்டு விசையாகத் தொடங்கியது பெயர்க்கும் விசையாகத் திரும்புகிறது. வடிவமைப்பாளர் எல்லாப் புள்ளிகளுக்கும் வெட்டுவிசை மட்டுமே வருமாறு வரைந்திருந்தாலும், நெளிந்துகொண்டிருக்கும் கார் அந்த வரைபடத்தைப் பின்பற்றாது. மோதலில் மனிதரைக் காப்பது உச்ச சுமையைவிட, உடையும்வரை உலோகம் விழுங்கும் ஆற்றல். திடீரென்று பிளக்கும் வில்லை அதில்தான் கஞ்சம். ஒரு புள்ளி பிளந்தால் அதன் சுமை அடுத்த புள்ளிக்குத் தாவுகிறது, வரிசையே பட்டன் கழன்ற சட்டையாவதற்கு அதிக நேரம் ஆகாது.

சரி, என்ன செய்யலாம்? எளிய வழி, வில்லையைப் பெரிதாக்குவது. அதற்கு அகலமான மின்முனை, கூடுதல் அழுத்தம், வினாடிக்கு ஆயிரம் முறை திருத்திக்கொள்ளும் இன்வெர்ட்டர் மின்சாரம் வேண்டும். இவை பெரிய தொழிற்சாலைகளில் வந்துவிட்டன. ஆனால் தெறிப்பு தொடங்கும் எல்லை இதற்கு ஒரு கூரை போட்டுவிடுகிறது. இரண்டாவது வழி, எஃகின் கலவையைக் கட்டுப்படுத்துவது. கார்பனுடன் சிலிக்கானில் முப்பதில் ஒரு பங்கு, மாங்கனீசில் இருபதில் ஒரு பங்கு, பாஸ்பரஸைப்போல் இரு மடங்கு, கந்தகத்தைப்போல் நான்கு மடங்கு கூட்டி வரும் எண் 0.24ஐத் தாண்டக்கூடாது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் பல பதிற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு வரையறை சொன்னார்கள். சூத்திரத்தில் பாஸ்பரஸுக்கும் கந்தகத்துக்கும் கொடுத்திருக்கும் எடையைப் பார்த்தாலே குற்றவாளி யார் என்று தெரிகிறது. ஆனால் 0.2 சதவீதத்துக்கு மேல் கார்பனும் 2 சதவீத மாங்கனீசும் இல்லாமல் இன்றைய சில எஃகுகள் அந்த வலிமையையே அடைய முடியாது; கார்பனைக் குறை என்று சொல்வதற்கு ஓர் எல்லை இருக்கிறது. மூன்றாவது, விளிம்புகளில் எபாக்சி பசை தடவி அதன்மேல் புள்ளி வைப்பது. பசை சுமையைப் பரப்புவதால் புள்ளியின் ஓரத்தில் விசை குவிவது குறையும். நல்ல வழி, பல கார்களில் நடைமுறையில் உள்ளது. ஆனால் பசையும் பெயர்க்கும் விசைக்கு அஞ்சும் இனம். புள்ளியின் பலவீனத்தை அதனிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

என் பார்வையில் எல்லாவற்றிலும் கூடுதல் கவனம் பெற வேண்டியது நான்காவது வழி: முதல் மின்துடிப்பு முடிந்தபின் துப்பாக்கியை எடுக்காமல், அதே இடத்தில் இரண்டாவது துடிப்பு ஒன்று கொடுப்பது. இதில் இரண்டு வகை உண்டு. வில்லை முழுக்க உறைந்து மார்டென்சைட்டாக மாறும்வரை காத்திருந்து, பிறகு மிதமான மின்சாரத்தால் சுடவைத்தால் இறுகிய அமைப்பு சற்றுத் தளர்ந்து, பிளக்கும் குணம் குறையும். கொல்லர் தோய்த்தெடுத்த அரிவாளை மறுபடி இளஞ்சூட்டில் வாட்டுவது இதே அறிவியல்தான். மற்றொரு வகை, அவ்வளவு காத்திருக்காமல், வில்லையின் வெளிவிளிம்பு உறைந்த சற்று நேரத்திலேயே அடுத்த துடிப்பைக் கொடுப்பது. உருகுநிலைக்கு அருகில் சிறிது நேரம் நிறுத்தப்பட்ட அந்த விளிம்பில், இடுக்குகளில் ஒதுங்கிய பாஸ்பரஸ் பரவிக் கலைகிறது, படிகங்கள் புதிதாக அமைகின்றன. விரிசல் தொடங்கும் இடம் எதுவோ அங்கேயே சிகிச்சை கிடைத்துவிடுகிறது. பெயர்க்கும் சோதனையில் எண் உயர்வதையும், நடுவே பிளந்துகொண்டிருந்த புள்ளி பட்டனாகப் பெயரத் தொடங்குவதையும் பல நாட்டு ஆய்வகங்கள் காட்டியிருக்கின்றன. புதிய இயந்திரம் வேண்டாம். இருக்கிற கட்டுப்பாட்டுப் பெட்டியில் நிரலை மாற்றினால் போதும். தேவைப்படுவது நேரம் மட்டுமே. முதல் வகைக்கு அரை வினாடியிலிருந்து ஒரு வினாடிக்கு மேல்கூட ஆகலாம், இரண்டாம் வகைக்கு அதைவிடக் குறைவு.

புதிய எஃகு வந்தால் வெல்டிங்கின் நேரக் கணக்கையும் புதிதாகப் போட வேண்டும் என்பதற்கு வரலாற்றில் ஒரு பெரிய முன்மாதிரி இருக்கிறது. 1930களில் பிலடெல்பியாவின் பட் நிறுவனம், துருப்பிடிக்காத எஃகில் ரயில் கட்ட இறங்கியபோது, வழக்கமான ஸ்பாட் வெல்டிங் அந்த எஃகின் துருவெதிர்ப்பையே கெடுத்தது. வெப்பத்தில் அதிக நேரம் இருந்தால் குரோமியமும் கார்பனும் சேர்ந்து ஒதுங்கிவிடும் என்பதால், மின்சாரம் பாயும் நேரத்தை மிகச் சுருக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் அளவு மீறாமல் கண்காணிக்கும் ஷாட்வெல்டு முறையை அவர்கள் உருவாக்கினார்கள். அப்படிக் கட்டிய பர்லிங்டன் செஃபிர் ரயில் 1934 மே 26 அன்று டென்வரில் விடியலில் புறப்பட்டு, பொழுது சாய்வதற்குள் சிகாகோ போய்ச் சேர்ந்து உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அங்கே நேரத்தைக் குறைக்க வேண்டியிருந்தது, இன்று கூட்ட வேண்டியிருக்கிறது. பொருளை மாற்றியவர்கள் இணைப்பு முறையையும் கூடவே மாற்றினார்கள் என்பதுதான் பாடம்.

உற்பத்தி மேலாளர்கள் உடனே கணக்குப் போடுவார்கள். நிமிடத்துக்கு ஒரு கார் வெளிவரும் வரிசையில், ஒரு ரோபோ ஒரு நிறுத்தத்தில் இருபது புள்ளி வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புள்ளிக்கு அரை வினாடி கூடினால் பத்து வினாடி போயிற்று. அறுபது வினாடியில் பத்து என்பது சிறிய விஷயமல்ல. கூடுதல் ரோபோ, கூடுதல் இடம், கூடுதல் மின்சாரம். மறுக்கவில்லை. ஆனால் நான்காயிரம் புள்ளிகளுக்கும் இந்தச் சிகிச்சை வேண்டும் என்று யாரும் கேட்கவில்லையே. பின்கதவின் உள்தகட்டில் உள்ள புள்ளி பிளந்தால் சத்தம் வரும், உயிர் போகாது. கதவுத்தூண், கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, முன்பக்க நீள்சட்டம், மின்சாரக் கார்களில் பேட்டரியைச் சுற்றிய சட்டம் ஆகியவற்றில், 980 மெகாபாஸ்கலுக்கு மேற்பட்ட தகடுகள் சேரும் இடங்கள் மொத்தத்தில் ஒரு சிறு பகுதிதான். எந்தப் புள்ளி எவ்வளவு பெயர்க்கும் விசையைச் சந்திக்கிறது என்பது கணினி மாதிரியில் ஏற்கெனவே நிறுவனங்களின் கையில் இருக்கிறது. அந்தச் சில நூறு புள்ளிகளுக்கு இரண்டாம் துடிப்பைக் கொடுங்கள் என்பது நடக்கக்கூடிய கோரிக்கை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: புள்ளி பலவீனமாக இருந்தால் அதை ஈடுகட்டப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள், தகட்டின் தடிமனைக் கூட்டுகிறார்கள். அந்த நேரமும் அந்த எஃகும் இலவசமாக வருவதில்லை.

மோதல் சோதனை இருக்கிறதே, முழுக் காரையும் உடைத்துப் பார்த்துத்தானே நட்சத்திரம் கொடுக்கிறார்கள், புள்ளியைத் தனியாக எதற்கு விசாரிக்க வேண்டும் என்பது அடுத்த மறுப்பு. 2017 அக்டோபரில் புதிய மாடல்களுக்கும் 2019 அக்டோபரில் எல்லாக் கார்களுக்கும் மணிக்கு 56 கிலோமீட்டர் முன்பக்க மோதல் சோதனை கட்டாயமானது. 2023 அக்டோபர் 1 முதல் பாரத் என்கேப் 64 கிலோமீட்டரில் சோதித்து நட்சத்திரம் தருகிறது. இரண்டும் பெரிய முன்னேற்றங்கள். ஆனால் சோதனைக்கு வருவது சில புதிய கார்கள். தொழிற்சாலையிலோ மின்முனை ஒவ்வொரு புள்ளியிலும் சிறிது தேய்கிறது. துத்தநாகம் செப்போடு கலந்து அதன் முகத்தைப் பித்தளையாக்குகிறது. சில நூறு புள்ளிகளுக்கு ஒருமுறை அதைச் சீவிச் சரிசெய்ய வேண்டும். காலையில் வைத்த புள்ளியும் சீவுவதற்குச் சற்றுமுன் வைத்த புள்ளியும் ஒன்றாக இருக்கும் என்று நட்சத்திரம் உறுதி சொல்லாது. மீயொலி கொண்டு சோதித்தால் வில்லையின் அகலம் தெரியும், அது பிளக்கும் குணமுள்ளதா என்று தெரியாது. ஆகவே உடைத்துப் பார்க்கும் சோதனையின் எண்களே சான்று. அதிலும் வெட்டு விசை எண்ணை மட்டும் காட்டாமல் பெயர்க்கும் விசை எண்ணையும், இரண்டுக்கும் உள்ள விகிதத்தையும் காட்ட வேண்டும். 1,500 மெகாபாஸ்கல் என்று விளம்பரத்தில் போடத் தெரிந்தவர்களுக்கு இதையும் போடத் தெரியாதா என்ன?

இவ்வளவு சிக்கல் எதற்கு, பழைய காலத்து அம்பாசிடர் மாதிரி கெட்டித் தகடு போட்டுவிட்டுப் போகலாமே என்பவர்களும் உண்டு. தேநீர்க் கடை விவாதங்களில் இந்தக் கட்சிக்குத்தான் பெரும்பான்மை. 2009இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் தன் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, 1959ஆம் ஆண்டின் செவர்லே பெல்ஏர் காரையும் 2009ஆம் ஆண்டின் செவர்லே மாலிபு காரையும் நேருக்கு நேர் மோதவிட்டது. பழைய காரின் பயணியறை நொறுங்கி, ஓட்டுநர் பொம்மை பிழைத்திருக்க வாய்ப்பில்லாத நிலைக்குப் போனது. புதிய காரின் பொம்மைக்குக் காலில் காயம் போன்றவையே கணிக்கப்பட்டன. வாதம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். உயர்வலிமை எஃகைக் கைவிடு என்று நான் சொல்லவில்லை. அதன் பலனை இணைப்பில் இழந்துவிடாதே என்கிறேன். சாலையில் இறப்பவர்களில் பெரும்பாலோர் இருசக்கர வாகனத்தில் போகிறவர்களும் நடப்பவர்களும்தானே, இது பணக்காரர் கவலை இல்லையா என்று கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் மூன்றில் ஏறத்தாழ இரண்டு பங்கு அவர்கள்தான். ஆனால் மொத்தத்தில் காரில் போனவர்கள் மட்டும் பத்தில் ஒரு பங்குக்கு மேல். வாடகைக் காரில் குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது இறப்பவர் பணக்காரர் அல்ல.

கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய பிறகு நடப்பதுதான் எனக்கு இதைவிடப் பெரிய கவலை. ஒரு சிறு விபத்துக்குப் பின் அந்தத் தூண் டிங்கரிங் பட்டறைக்குப் போகிறது. அங்கே காஸ் வைத்துச் சூடாக்கி நெளிவெடுப்பது தலைமுறைகளாக வந்த கைத்திறன். மென்னெஃகில் அது பெரிய கேடு செய்யாது. 1,500 மெகாபாஸ்கல் தூணைச் சிவக்கச் சூடாக்கிவிட்டால் அதன் வலிமையில் பெரும்பகுதி அந்த இடத்திலேயே போய்விடும், பெயின்ட் அடித்தபின் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பல நிறுவனங்கள் தம் பழுதுபார்ப்புக் கையேடுகளில் இத்தகைய பாகங்களைச் சூடாக்காதே, முழுதாக மாற்று, இந்த விசையில் இந்த மின்சாரத்தில் இத்தனை புள்ளி வை என்று எழுதியிருக்கின்றன. அந்தக் கையேடு பட்டறைக்காரரின் கைக்கு வருவதில்லை. வந்தாலும் அவரிடம் இருக்கும் பழைய ஸ்பாட் வெல்டிங் கருவி அந்த விசையையும் மின்சாரத்தையும் தராது. அவரைக் குறைசொல்லிப் பயனில்லை, மாறிவிட்ட பொருளைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இணைப்பை மாற்றுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அமெரிக்காவின் டல்லாஸில் ஒரு வழக்கு காட்டியது. ஆலங்கட்டி மழையில் சேதமடைந்த ஒரு சிறிய காரின் கூரையை மாற்றிய பழுதுபார்ப்பு நிறுவனம், தயாரிப்பாளர் சொன்னபடி வெல்டு செய்யாமல் பசையால் ஒட்டியிருந்தது. அது தெரியாமல் பழைய காராக அதை வாங்கிய தம்பதியர் 2013இல் விபத்தில் சிக்கிக் கடுமையாகக் காயமடைந்தனர். 2017இல் நடுவர் குழு 4 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு நிர்ணயித்து, அதில் பெரும்பங்கைப் பழுதுபார்த்த நிறுவனத்தின் மேல் சுமத்தியது. இத்தனைக்கும் பசை நான் மேலே பாராட்டிய அதே பொருள்தான். வடிவமைப்பாளர் புள்ளியை நம்பிக் கணக்குப்போட்ட இடத்தில் அது புள்ளியின் வேலையைச் செய்யாது.

ஆகவே கோரிக்கைகளைத் தெளிவாகவே வைக்கலாம். பாரத் என்கேப் நட்சத்திரம் கேட்டு வரும் நிறுவனம், 980 மெகாபாஸ்கலுக்கு மேற்பட்ட தகடுகள் சேரும் முக்கிய இணைப்புகளில் வெட்டு, பெயர்ப்பு ஆகிய இரண்டு சோதனை எண்களையும் ஒப்படைக்க வேண்டும். இன்றைய கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒவ்வொரு புள்ளியின் மின்சாரத்தையும் மின்தடை மாற்றத்தையும் பதிவுசெய்யக் கூடியவை. அந்தப் பதிவைக் காரின் சேசிஸ் எண்ணோடு இணைத்து வைத்திருக்கச் சொல்லலாம், திரும்ப அழைக்கும் நிலை வந்தால் எந்தக் கார்கள் என்று தேட உதவும். பழுதுபார்ப்புக் கையேடுகளின் உடல்பகுதி அத்தியாயங்களைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் இலவசமாகத் தர வேண்டும். காப்பீட்டு சர்வேயர், மலிவான நெளிவெடுப்புக்கு ஒப்புதல் தருவதற்குமுன் அந்தப் பாகம் எந்த எஃகு என்று பார்க்கக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும். திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இருக்கிறது. அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவையிலும் பாகங்கள் செய்யும் சிறு, நடுத்தர நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பெரிய கார் நிறுவனங்கள் தம் ஆய்வகங்களில் இரண்டாம் துடிப்பின் நிரலைத் தாமே கண்டுபிடித்துக்கொள்ளும். அவர்களுக்குத் தூண்களும் சட்டங்களும் பற்றவைத்து அனுப்பும் இந்தச் சிறு நிறுவனங்களுக்குத்தான் எந்தத் தகட்டுக்கு எவ்வளவு இடைவெளிவிட்டு எவ்வளவு துடிப்பு என்ற அட்டவணையை அந்தத் திருச்சி நிலையம்போல யாராவது சோதித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அரசு செலவிட வேண்டிய முதல் பணம் அந்த அட்டவணைக்குத்தான்.